என் குதிக்காலும் உடுப்பிட்டிச் சம்பந்தமும்

1

நான் கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகிறது. இவ்வளவு காலத்தில் என் குதிக்காலை ஒருவரும் ஆர்வத்தோடு பார்த்ததில்லை. போன வருடம் ஐப்பசியில் மூன்று பேர் ஒன்றாகப் பார்த்தார்கள்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உறைந்த கோழியும் உறைந்த பட்டாணியும் பெட்டி பெட்டியாக வரும். ஏற்றுவேன், இறக்குவேன். மார்கழியில் வெளியேயும் இருபது பாகை பூச்சியத்துக்குக் கீழே, உள்ளேயும் அதே இருபது என்பதால் வேலைக்குப் போவதும் வீட்டுக்கு வருவதும் உடம்புக்கு ஒன்றுதான். அங்கே நான் சேர்ந்து இருபத்தைந்து வருடம் நிறைந்த நாளில் முதலாளி கேக் வெட்டினார். ஒரு கைக்கடிகாரமும் தந்து, இனியாவது உடம்பை ஒருமுறை முழுதாகச் சோதித்துக்கொள் என்றார். கடிகாரம் அடுத்த வாரமே குளிரில் நின்றுவிட்டது. நானும் நின்றுவிடக்கூடாதென்று என் மனைவி வசந்தி வைத்தியரிடம் நாள் குறித்துவிட்டாள்.

எங்கள் குடும்ப வைத்தியர் ஹொங்கொங்கில் பிறந்த ஒரு பெண்மணி. அதிகம் கதைக்கமாட்டார். என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொழுப்பு மிக அதிகம் என்றார், சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொன்னார். கொழுப்பு இரத்தத்தில் இருக்கும்போது சப்பாத்தை ஏன் கழற்ற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அதோடு அன்று நான் போட்டிருந்தது ஓட்டைக் காலுறை. அவர் ஓட்டையைக் கவனிக்கவில்லை. குதிக்காலுக்குப் பின்னால் ஏறும் தடித்த நரம்பை இரண்டு விரலால் பிடித்து, மாம்பழம் பதம் பார்ப்பதுபோல அழுத்தினார். பிறகு பக்கத்து அறையிலிருந்து இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டார். அவர்களும் அழுத்தினார்கள். ஒருவன் நன்றி சொன்னான்.

உன் தகப்பன் எத்தனை வயதில் இறந்தார் என்று வைத்தியர் கேட்டார். ஐம்பத்திரண்டு என்றேன். எதனால் என்று கேட்டார்.

“பலாப்பழத்தால்” என்றேன்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லுவது. ஐயா ஒரு மத்தியானம் பலாப்பழம் சாப்பிட்டு, மேலே தண்ணீரும் குடித்துவிட்டுப் படுத்தார், எழும்பவில்லை. வைத்தியரின் விரல்கள் கணினிக்கு மேல் அப்படியே நின்றன. தகப்பனின் சகோதரர்கள் என்று கேட்டார். சித்தப்பா நாற்பத்தொன்பதில் வெயிலால் இறந்தார், சைக்கிளில் போகும்போது. பெரியப்பா ஐம்பதில், ஒரு கடிதம் வாசித்துக்கொண்டிருந்தவர். கடிதத்தில் என்ன இருந்தது என்று மாணவன் கேட்டான். கோயில் கூட்டத்துக்கு வரச்சொல்லி எழுதியிருந்தது என்றேன்.

வைத்தியர் பொறுமையாக விளக்கினார். பழமும் வெயிலும் கடிதமும் ஒரே வருத்தமாம், மாரடைப்பாம். உன் தகப்பன் வழியாக வந்த ஒரு மரபணுப் பிழை பிறந்த நாளிலிருந்தே இரத்தத்தில் கொழுப்பைச் சேர்க்கிறது, குதிக்கால் தடித்தது அதனால்தான் என்றார். ஒரு மரபணுச் சோதனை செய்தால் உறுதியாகத் தெரியும். இருந்தால் குளிசை போட்டு நூறு வயது வரைக்கும் இழுக்கலாம். உன் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைக்கும் ஆளுக்கு அரைவாசிச் சாத்தியம் என்றும் சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டினேன். நான் யோசித்தது வருத்தத்தை அல்ல, காப்புறுதியை.

2

களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்யும் உருத்திரனுக்குத் தெரியாத விஷயமில்லை. எங்கள் கொம்பனி காப்புறுதிதான் எங்களுடைய பல்லுக்கும் கண்ணாடிக்கும் மருந்துக்கும் காசு கட்டுகிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அவன் தேநீர் இடைவேளையில் ஒரு மணித்தியாலப் பேச்சைப் பத்து நிமிடத்தில் பேசி முடித்தான்.

“மச்சான், உதைச் செய்தியெண்டா உன்ரை பேர் பட்டியலிலை ஏறும். பிறகு உன்ரை பெட்டைக்கும் ஒருத்தனும் காப்புறுதி தரான்.”

பட்டியல் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பத்தொன்பது வயதில், இராணுவம் கொண்டுவந்து நிறுத்திய, முகத்தை மூடிய தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நடந்தவன் நான். அந்தத் தலை ஆடினால் ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்று அந்தத் தலை ஆடாமல் இருந்ததால்தான் இன்று கொழுப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன்பிறகு என் பெயர் எழுதிய எந்தத் தாளையும் நான் நம்புவதில்லை. பேரங்காடியில் புள்ளி சேர்க்கும் அட்டைகூட வசந்தியின் பெயரில்தான் இருக்கிறது.

வீட்டில் நான் மூன்று கிழமை வாய் திறக்கவில்லை. வைத்தியரின் கந்தோரிலிருந்து வந்த தொலைபேசியை எங்கள் மகள் நிவேதா எடுத்துவிட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது, நகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை. அவளுடைய தமிழ் எங்களிடமிருந்து வந்ததுதான், ஆனால் வழியில் கொஞ்சம் சிந்திவிட்டது. தொலைபேசியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்து, முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா, உங்களுக்குப் பரம்பரைச் சொத்து இருக்கு.”

என் வாழ்நாளில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் ஏதோ காணி வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து எழும்பியே விட்டேன். பரம்பரை வருத்தத்தைத்தான் சொல்கிறாள் என்று விளங்கியதும் திரும்ப உட்கார்ந்தேன்.

அவள் கைபேசியில் சட்டத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினாள். இந்த நாட்டில் ஒரு காப்புறுதிக் கொம்பனி மரபணுச் சோதனை செய் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. செய்திருந்தால் முடிவைக் காட்டு என்று கேட்கவும் முடியாது. காட்டாவிட்டால் காப்புறுதி இல்லை என்று சொல்லவும் முடியாது. மீறினால் மறியல், ஐந்து வருடம் வரைக்கும் சிறை.

“ஆருக்கு மறியல்?” என்று கேட்டேன்.

“கொம்பனிக்கு.”

“எங்களுக்கு இல்லையோ?”

“இல்லை அப்பா. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை.”

சட்டம் ஒன்று எங்கள் பக்கம் நிற்பதைக் கேட்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஏதாவது சின்ன எழுத்தில் இருக்கும் என்றேன். பெரிய எழுத்திலேயே இருக்கிறது என்று காட்டினாள். வருத்தம் இருக்கிறதா, குளிசை போடுகிறாயா என்று அவர்கள் கேட்கலாமாம், அதற்கு உண்மைதான் சொல்லவேண்டுமாம். சோதனையைத்தான் தொடக்கூடாதாம். பிறகும் நான் இழுத்தடித்தேன். அவள் கைபேசியை மேசையில் கவிழ்த்துவைத்தாள்.

“அப்பா, அரைவாசி எனக்கும் இருக்கலாம். நீங்கள் பயந்தா நான் முதல்ல செய்யிறன்.”

அடுத்த நாள் போய்க் கையை நீட்டினேன். முடிவு வர ஐந்து கிழமை எடுத்தது. வைத்தியர் சொன்னது சரி, பிழை இருந்தது. குளிசை தந்தார். கூடப்பிறந்தவர்களுக்குக் கொடுக்கச்சொல்லி ஒரு கடிதமும் தந்தார். எனக்குக் கூடப்பிறந்தது ஒருவர்தான், சண்டிலிப்பாயில் இருக்கும் அண்ணை. பிறகு நிவேதாவுக்கும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அன்று வசந்தி நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்துகொண்டதை எல்லாம் எழுதினால் இந்தக் குறிப்பு முடியாது.

3

அண்ணைக்கு வயது ஐம்பத்தெட்டு. எங்கள் வீட்டு ஆண்களில் அந்த வயதை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிறார். அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று தீர்மானித்தேன். ஆனால் காப்புறுதிக்காரன் தொலைபேசியை ஒட்டுக்கேட்பான் என்று உருத்திரன் சொல்லியிருந்தான். சட்டம் கேட்காதே என்றுதான் சொல்கிறது, ஒட்டுக்கேட்காதே என்று சொல்லவில்லையே என்றான். அந்த நேரத்தில் அது எனக்கு நல்ல வாதமாகப் பட்டது. ஆகவே மறைமொழியில் கதைத்தேன்.

“அண்ணை, எங்கடை வெங்காயத்திலை ஒரு பழுது இருக்காம். ஐயாவின்ரை விதையிலையே இருந்ததாம். உங்கடை வெங்காயத்தையும் ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ.”

மறுபக்கத்தில் அண்ணை கோழியை விரட்டிவிட்டுத் திரும்ப வந்தார்.

“ஆர் சொன்னது?”

“இஞ்சை ஒரு டொக்டர்.”

“டொக்டருக்கு வெங்காயத்தைப் பற்றி என்ன தெரியும்?”

“அண்ணை, நான் சொல்லுறது அந்த வெங்காயம் இல்லை. உள்ளுக்கை இருக்கிற வெங்காயம். நெஞ்சுக்குக் கிட்ட.”

அண்ணை தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தம்பிக்குக் குளிர் தலைக்கு ஏறிவிட்டது என்று தன் மனைவியிடம், என் மச்சாளிடம், சொன்னது எனக்கு வடிவாகக் கேட்டது.

ஆனால் விதையைக் குறை சொன்னதை அவரால் விடமுடியவில்லை. அடுத்த நாளே ஒரு பிடி வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டு விவசாயக் கந்தோருக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த அலுவலர் இப்படி ஒரு நல்ல வெங்காயத்தை இந்தப் போகத்தில் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அண்ணை அதோடு நிற்கவில்லை. கனடா டொக்டருக்குக் காட்டச்சொல்லி, விடுமுறைக்கு வந்து திரும்பிய ஒரு ஸ்காபரோக்காரரிடம் ஐந்து கிலோ கொடுத்துவிட்டார். விமான நிலையத்தில் மண்ணோடு வந்த மரக்கறி என்று அதிகாரிகள் அதைப் பறித்து, அந்த மனிதரை இரண்டு மணித்தியாலம் இருத்திவைத்தார்கள். அவர் வீட்டுக்குப் போக முதல் எனக்குத்தான் தொலைபேசி எடுத்தார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

விஷயத்தைப் பிடித்தவள் அண்ணையின் மகள் துளசி. என் பெறாமகள். யாழ்ப்பாணத்துப் பெரியாசுப்பத்திரியில் இரத்தப் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்கிறாள். இரண்டு நாள் கழித்து ஒரு வரி எழுதியனுப்பினாள்: “சித்தப்பா, வெங்காயம் எண்டது கொலஸ்ட்ரோலோ?”

“ஓம்” என்று மட்டும் எழுதினேன், உருத்திரனுக்குப் பயந்து.

அதற்கடுத்த வாரம் இன்னொன்று வந்தது. தன்னுடையதைத் தானே பார்த்துவிட்டாளாம், அவளுக்கும் இருக்கிறதாம், வைத்தியரைக் கண்டு குளிசையும் தொடங்கிவிட்டாளாம். ஆனால் அண்ணை மாட்டேன் என்கிறார். உடுப்பிட்டியில் இருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. அது முற்றாகும் வரைக்கும் ஊசிக்குக் கை நீட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார். பக்கத்து ஊர் மானிப்பாய் ஆசுப்பத்திரியில் இரத்தம் கொடுத்தால், முடிவு வர முதல் கதை உடுப்பிட்டிக்குப் போய்விடும் என்பது அவர் நியாயம்.

மறைமொழி இனி உதவாது, நேரில் போகவேண்டும் என்று விளங்கியது. வசந்திக்கு விடுமுறை கிடைக்கவில்லை. வைகாசியில் நான் தனியாகப் போவதாக முடிவாயிற்று.

4

பயணத்துக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். தொலைபேசியில் வந்த பெண்ணின் குரல் மிகவும் இளமையாக இருந்தது. என் ஆங்கிலம் களஞ்சியத்து ஆங்கிலம். ஏற்று, இறக்கு, பார்த்துப் போ என்பவை நன்றாக வரும். அவள் என் பெயரும் பிறந்த திகதியும் கேட்டாள். எதையும் மறைத்தால் பிறகு காசு கட்டமாட்டார்கள் என்ற பயத்தில் நான் அடுத்த கேள்விக்குக் காத்திருக்கவில்லை. மரபணுவுக்கு ஆங்கிலத்தில் ஜீன் என்று நீட்டிச் சொல்ல வேண்டும். நான் குறுக்கிச் சொன்னேன்.

“எங்கள் குடும்பத்தில் ஜின் பிரச்சினை இருக்கிறது” என்றேன்.

அவள் குரல் மென்மையானது. எவ்வளவு காலமாக என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து என்றேன். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டாள். அளவு என்று இல்லை, உடம்பு முழுவதும் இருக்கிறது என்றேன். யார் பழக்கியது என்று கேட்டாள். என் தகப்பன் தந்தது, அவருக்கு அவருடைய தகப்பன் தந்தது, நான் என் மகளுக்கும் கொடுத்திருக்கலாம் என்று பயந்தேன், கடவுள் காப்பாற்றிவிட்டார் என்றேன். இதிலிருந்து வெளியே வர உதவி செய்யும் இடங்களின் இலக்கம் தரட்டுமா என்று அவள் கேட்டாள். மேசைக்கு மற்றப் பக்கத்தில் நிவேதா முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் தொலைபேசியை என்னிடமிருந்து பறித்து, என் தகப்பன் குடிப்பதில்லை, அவர் சொல்வது மரபணுச் சோதனை என்றாள்.

நான் தொலைபேசியைத் திரும்ப வாங்கினேன். அதற்குள் அந்தப் பெண் பதறிப்போயிருந்தாள்.

“ஐயா, தயவுசெய்து நிறுத்துங்கள். அதை நான் கேட்கக்கூடாது” என்றாள்.

“நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.”

“சொன்னாலும் நான் எழுதக்கூடாது. நீங்கள் குளிசை ஏதும் எடுக்கிறீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

சொன்னேன். எழுதிக்கொண்டாள். சோதனை முடிவு கையில் இருக்கிறது, வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் ஐயா, வேண்டவே வேண்டாம் என்றாள். அழுதுவிடுவாள்போல இருந்தது.

தொலைபேசியை வைத்த பிறகு எண்ணிப் பார்த்தேன். எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அடையாள அட்டை, குடும்ப அட்டை, பாஸ், விசா, எந்த வழியால் வந்தாய், யாரோடு வந்தாய், ஏன் வந்தாய். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஒருவர், உன்னைப் பற்றி எனக்குச் சொல்லாதே என்று என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

5

சண்டிலிப்பாயில் நான் இறங்கி மூன்றாம் நாள் உடுப்பிட்டியில் இருந்து மாப்பிள்ளை பகுதி வந்தது. மாப்பிள்ளை கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை, அன்று வரவில்லை. தகப்பனும் தாயும் வந்தார்கள். தகப்பன் இளைப்பாறிய தபாலதிபர். நேராக உட்காருவார், ஒவ்வொரு சொல்லையும் முத்திரை குத்துவதுபோல நிதானமாகச் சொல்வார்.

மச்சாள் சுடச்சுட வடை கொண்டுவந்து வைத்தார். தபாலதிபர் தனக்கு விரதம் என்றார். அண்ணையும் தனக்கு விரதம் என்றார். அன்று எந்த விரதமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வடை முழுவதையும் கனடாவில் இருந்து வந்தவன் என்ற தகுதியில் நான் சாப்பிடவேண்டி வந்தது. குதிக்காலை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சாதகம், சகோதரங்கள், காணி என்று கதை போய்க்கொண்டிருந்தது. தபாலதிபர் தொண்டையைச் செருமினார். கேட்கிறதுக்குக் குறை நினைக்கவேண்டாம், உங்கள் பக்கத்தில் பரம்பரையாக வருத்தம் ஏதும் உண்டோ என்று கேட்டார். தங்கள் பக்கத்தில் தடிமன் தும்மல்கூட வாறதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

“எங்கடை பக்கத்திலையும் அப்பிடித்தான். செல் விழுந்திராட்டி ஐயா நூறு வயது இருந்திருப்பார்” என்றார் அண்ணை.

நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அது மூக்கால் வந்தது. ஐயா செல்குண்டால் அல்ல, பலாப்பழத்தால் இறந்தவர் என்பதில் எங்கள் வீட்டில் அதுவரை இரண்டு கருத்து இருந்ததில்லை. தபாலதிபர் மிகவும் இரக்கத்தோடு என் பக்கம் திரும்பினார்.

“எந்த இடத்திலை விழுந்தது?”

“சந்தியிலை” என்றேன் நான். அதே நேரத்தில் “வீட்டு வளவுக்கை” என்றார் அண்ணை.

தபாலதிபர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வளவுக்கைதான் விழுந்தது. சந்தி வரைக்கும் சத்தம் கேட்டது” என்றார் அண்ணை.

அவர்கள் போனபிறகு நான் அண்ணையோடு சண்டைக்குப் போனேன். செத்த தகப்பனை இன்னொரு தரம் கொல்லுகிறாயா என்ற அளவுக்குப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“செல்லுக்குப் பரம்பரை இல்லை, தம்பி. செல்லிலை செத்தா அனுதாபப்படுவினம், எழும்பிப் போடுவினம். வருத்தத்திலை செத்தா மூண்டு தலைமுறைக்குத் தோண்டுவினம். நீ அங்கை இருந்துகொண்டு சட்டம் கதைக்கிறாய். இஞ்சை உதுக்கு என்ன சட்டம் இருக்கு?”

அவர் கேட்டது நியாயம்தான். காப்புறுதிப் படிவம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கும். சம்பந்தம் பேசுபவர்களின் படிவத்துக்கு அது கிடையாது. அதை நிரப்புவது நாங்கள்கூட அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். யாருக்கு மறியல் கொடுப்பது?

இதையெல்லாம் துளசி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து வடைத் தட்டை எடுத்தபடி, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

“சனிக்கிழமை அப்பா இரத்தம் குடுக்க வரவேணும். இல்லாட்டி நான் உடுப்பிட்டிக்கு ரெலிபோன் எடுத்து, பலாப்பழத்திலை இருந்து என்ரை குளிசை வரைக்கும் எல்லாம் சொல்லுவன்.”

அண்ணை ஐந்து நிமிடம் முற்றத்தில் நடந்தார். பிறகு நிபந்தனை வைத்தார். மானிப்பாய் வேண்டாம், பெரியாசுப்பத்திரியும் வேண்டாம், இரண்டிலும் ஊர்ச்சனம். யாழ்ப்பாணப் பட்டினத்தில் துளசி சனிக்கிழமைகளில் மட்டும் வேலை செய்யும் தனியார் பரிசோதனை நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வருவேன், ஆனால் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்றார்.

6

சனிக்கிழமை காலை ஆறரைக்கே நாங்கள் அங்கே போய்விட்டோம். அண்ணை முகக்கவசம் போட்டு, அதற்கு மேல் மச்சாளின் வெயில் தொப்பியையும் போட்டிருந்தார். பன்னிரண்டு மணித்தியாலம் சாப்பிடாத கோபம் கண்ணில் தெரிந்தது. இலக்கம் எழுதிய துண்டு ஒன்று தந்தார்கள். அண்ணைக்குப் பதினைந்து. பிளாஸ்டிக் கதிரைகளில் ஏழெட்டுப் பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மூலைக் கதிரையில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருந்தார். முன் கண்ணாடியும் கீழே இறக்கியிருந்தது. பாவம், அவசரத்தில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் உட்கார்ந்திருந்த விதத்தைக் கவனித்தேன், முதுகு கதிரையில் படாமல் நேராக. அண்ணையும் கவனித்துவிட்டார். தொப்பியை இன்னும் கீழே இழுத்தார். தலைக்கவசம் மெல்ல மற்றப் பக்கம் திரும்பியது. ஆனால் அந்த அறையில் திரும்பிப் பார்க்க வேறு இடம் இருக்கவில்லை, எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான்.

கொஞ்ச நேரம் கழித்து முகக்கவசத்துக்குள் அண்ணைக்கு ஒரு தும்மல் வந்தது.

“தடிமனோ?” என்று தலைக்கவசத்துக்குள் இருந்து ஒரு நிதானமான குரல் கேட்டது.

“ஓம், தடிமன். நீங்கள்?”

“மகன்ரை தலைக்கவசம். கழட்ட ஏலாமல் இறுகிப்போச்சு.”

அதற்குமேல் இருவரும் கதைக்கவில்லை. பிறகு எல்லாம் கூட்டிப் பார்த்தால் விளங்கியது. உடுப்பிட்டியில் இரத்தம் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். பெரியாசுப்பத்திரியில் பெண் வேலை செய்கிறாள். ஆகவே பட்டினத்தில் ஒரு மூலையில் இருக்கும் தனியார் நிலையத்தைத் தேடி அந்த மனிதர் பதினேழு மைல் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் அங்கே ஊசி பிடிப்பது யார் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

திரைச்சீலை விலகியது. துளசி வெள்ளை மேலங்கியோடு வந்து, ஒருவரையும் பெயர் சொல்லாமல், “பதினாலு” என்றாள்.

தலைக்கவசம் எழும்பியது, ஓரடி வைத்தது, அவளைப் பார்த்து நின்றது. வாசல் பக்கம் ஒரு முறை திரும்பியது. ஓடப்போகிறார் என்றே நினைத்தேன். துளசி முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. அவளுக்கு அவர் பதினாலாம் இலக்கம், அவ்வளவுதான். “வாங்கோ ஐயா, கையை மட்டும் காட்டினாப் போதும். தலைக்கவசம் கழட்டத் தேவையில்லை” என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். ஐந்து நிமிடத்தில் அவர் பஞ்சை மடித்துப் பிடித்தபடி வெளியே வந்தார். எங்களைக் கடக்கும்போது தலைக்கவசம் இலேசாகக் குனிந்தது. அண்ணையும் தொப்பியை இலேசாகத் தொட்டார். அடுத்ததாகப் பதினைந்து என்று கூப்பிட்டாள். தன் தகப்பனையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது துளசியின் கையில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. அண்ணையிடம் கொடுத்து, நீங்களே உடையுங்கோ, சித்தப்பாவுக்குக் காட்டுறதும் விடுறதும் உங்கடை விருப்பம் என்றாள். அண்ணை உடைத்தார், வாசித்தார், என்னிடம் நீட்டினார். என்னுடையதைவிட அவருடையது அதிகம். சின்ன வயதிலிருந்து எல்லாவற்றிலும் என்னை முந்தியவர், இதையும் விடவில்லை. திங்கட்கிழமை வைத்தியரிடம் போகிறேன் என்று தானாகவே சொன்னார். மச்சாள் அழுதபடியே வடைச் சட்டியைத் தூக்கி உயரத் தட்டில் வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணை மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நானும் கதிரையைக் கிட்ட இழுத்தேன். அந்தத் தலைக்கவசத்துக்கு எத்தனை என்று அவர் கேட்டார். துளசி சிரித்தாள், சொல்லவில்லை. கூடவா குறைவா என்பதை மட்டுமாவது சொல் என்றேன் நான். எல்லாம் உன்னுடைய நன்மைக்குத்தானே, நாளைக்கு நீ போய் வாழப்போகிற வீடல்லவா என்றார் மச்சாள். துளசி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“அவரும் முடிவு வாங்கிக்கொண்டு போகேக்கை உங்கடை எத்தினை எண்டு கேட்டவர், அப்பா. நான் சொல்லேல்லை.”

நாங்கள் மூன்று பேரும் வேறு வேறு திசையைப் பார்த்தோம். காப்புறுதிக்காரியிடம் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்ட நான், இங்கே ஒரு மனிதரின் கொழுப்பை அறிய எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. ஆசை மட்டும் போகவில்லை. இன்னும் இருக்கிறது.

அன்று பின்னேரம் தரகர் சைக்கிளில் வந்தார். உடுப்பிட்டியில் முழுச் சம்மதமாம். பிள்ளை வாய் இறுக்கமான பிள்ளை, அது ஒன்றே போதும் என்று தபாலதிபர் சொல்லியனுப்பினாராம். ஏன் அப்படிச் சொன்னார் என்று தனக்கு விளங்கவில்லை, உங்களுக்கு விளங்குதோ என்று தரகர் கேட்டார். எங்களுக்கும் விளங்கவில்லை என்றார் அண்ணை.

துளசி மட்டும் இன்னும் ஓம் சொல்லவில்லை என்றாள். மாப்பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே எடுத்தாள். மற்றவர்களுடைய வருத்தத்தைப் பற்றி வாய் திறக்காதவள் தன்னுடையதைச் சொல்லக் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தனக்குப் பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் இருக்கிறது, குளிசை போடுகிறேன், சாகும் வரைக்கும் போடவேண்டும், பிறக்கும் பிள்ளைக்கும் அரைவாசிச் சாத்தியம், யோசித்து ஆறுதலாகச் சொல்லுங்கோ என்றாள். மச்சாள் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெடியன் ஏதோ கேட்டான். துளசியின் முகம் சிவந்ததை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“ஓம், நீங்களும் வரலாம்” என்றாள். “சனிக்கிழமை ஆறரைக்கு. ராத்திரியிலை இருந்து ஒண்டும் சாப்பிடாமல் வாங்கோ.”